எல்லாத் தரநிலைகளும் நிறைவு: ஒரு நற்சான்றை வாசிப்பது எப்படி

இங்கிலாந்தின் தனியார் ஆண்கள் பள்ளிகள் பற்றிய இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கைகளைக் கொஞ்ச காலமாக வரிசையாகப் படித்துவருகிறேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு இது ஒரு எழுத்து வகையாகத்தான் தெரிகிறது. இதற்கென்று ஆசிரியர் உண்டு, வாசகர் உண்டு, திரும்பத் திரும்ப வரும் சொற்கள் உண்டு, சொல்லாமல் விடும் மரபும் உண்டு. நாவலையும் கவிதையையும் பக்கம் பக்கமாக அலசுகிறோம். ஒரு பையன் ஏழு வருஷம் யார் கையில் வளரப் போகிறான் என்பதைப் பல வீடுகளில் முடிவு செய்கிற பத்துப் பதினைந்து பக்க அறிக்கையை யாரும் விமர்சகர் கண்ணோடு படிப்பதில்லை.

லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கும் என் சித்தி மகள் ஒரு பள்ளியின் அறிக்கையை அனுப்பி, "அண்ணா, எல்லாம் நல்லாதான் போட்டிருக்கு, சேர்த்துடலாமா?" என்று கேட்டாள். அங்கே உள்ள தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி சாதாரணம். ஃபீஸ் சின்னத் தொகை இல்லை; 2025 ஜனவரியிலிருந்து அதன்மேல் 20 சதவீத வாட் வரியும் சேர்ந்துவிட்டது. அவ்வளவு பணத்தைக் கட்டுவதற்கு முன் கையில் இருக்கும் ஒரே நடுநிலையான சாட்சி இந்த அறிக்கைதான் என்று பெற்றோர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

குறை சொல்லும் அறிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவை தெளிவாகவே இருக்கும். வாசிக்கக் கஷ்டமானவை பாராட்டும் அறிக்கைகள்.

முதலில், யார் இந்த ஐ.எஸ்.ஐ.?

ஐ.எஸ்.ஐ. என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு பிரஷர் குக்கர் முத்திரையும் மீதிப் பேருக்குப் பாகிஸ்தான் உளவுத்துறையும் ஞாபகத்துக்கு வரும். இது மூன்றாவது ஐ.எஸ்.ஐ.: இண்டிபெண்டென்ட் ஸ்கூல்ஸ் இன்ஸ்பெக்டரேட். இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளைச் சோதிப்பது ஆஃப்ஸ்டெட். தனியார் பள்ளிகளிலும் ஒரு பகுதியை ஆஃப்ஸ்டெட்தான் பார்க்கிறது. ஆனால் பெரிய, பழைய, பெயர்பெற்ற பள்ளிகள் சேர்ந்திருக்கும் சங்கங்களின் உறுப்புப் பள்ளிகளை ஐ.எஸ்.ஐ. சோதிக்கிறது. அரசின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு. செலவுக்கான கட்டணத்தைப் பள்ளிகள்தான் கட்டுகின்றன. சோதிக்க வரும் குழுவில் பெரும்பாலானவர்கள் இதே மாதிரியான வேறு பள்ளிகளின் ஹெட்மாஸ்டர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள். இப்போது பணியில் இருப்பவர்களும் உண்டு, ஓய்வு பெற்றவர்களும் உண்டு.

அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் 2014-ஆம் ஆண்டின் தனியார் பள்ளித் தரநிலை விதிகள். எட்டுப் பகுதிகள்: கல்வியின் தரம், மாணவரின் ஒழுக்க, சமூக வளர்ச்சி, நலமும் பாதுகாப்பும், பணியாளர்களின் தகுதி, கட்டிடம், பெற்றோருக்குத் தரும் தகவல், புகாரைக் கையாளும் முறை, கடைசியாகத் தலைமை. ஒவ்வொன்றுக்கும் பதில் இரண்டே வகை: நிறைவேறியது, நிறைவேறவில்லை.

நம்ம ஊர் ஐ.எஸ்.ஐ. முத்திரை இங்கே உதவியாக இருக்கிறது. அந்த முத்திரை குக்கர் வெடிக்காது என்று சொல்லும். சாம்பார் ருசியாக இருக்கும் என்று சொல்லாது. "எல்லாத் தரநிலைகளும் நிறைவு" என்ற வாக்கியமும் அப்படித்தான். அது ஒரு குறைந்தபட்சம். ஆனால் பள்ளியின் விளம்பரத் தாளில் அது ஏறும்போது சாம்பாருக்கான சர்டிபிகேட்டாக மாறிவிடுகிறது.

இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான். குக்கர் வெடிக்காது என்ற அந்த ஒரு உத்தரவாதமாவது நிற்குமா என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

பாராட்டின் இலக்கணம்

கீழே உள்ள பத்தி எந்தப் பள்ளியின் அறிக்கையிலிருந்தும் எடுத்ததில்லை, நானே கட்டியது. ஆனால் பத்து அறிக்கை படித்தவர்களுக்கு இது எங்கேயோ படித்த மாதிரி இருக்கும்:

தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் மாணவர் நலனை முன்னிறுத்துகிறார்கள். ஆசிரியர்களுக்குப் பாட அறிவு வலுவாக இருக்கிறது. மாணவர்கள் தன்னம்பிக்கையோடு பேசுகிறார்கள், ஒருவரையொருவர் மதிக்கிறார்கள். கேலியும் மிரட்டலும் அரிது. நடந்தால் உடனே கவனிக்கப்படுகின்றன.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, காலம். எல்லாம் நிகழ்காலம். தமிழில் "மதிக்கிறார்கள்" என்றால் இப்போது என் கண் முன்னால் மதிக்கிறார்கள் என்றும் ஆகும், எப்போதும் மதிப்பது வழக்கம் என்றும் ஆகும். ஆங்கில அறிக்கையிலும் வினைச்சொல் அந்த வழக்கப் பொருளில்தான் நிற்கிறது. சில நாள் பார்த்தது சத்தமில்லாமல் வருஷம் முழுக்க நடப்பதாக நீண்டுவிடுகிறது. "நாங்கள் இருந்த நாட்களில் மதித்தார்கள்" என்று இறந்தகாலத்தில் எழுதினால் வாக்கியம் உண்மையாகவும் இருக்கும், கொஞ்சம் எளிமையாகவும் இருக்கும். அப்படி யாரும் எழுதுவதில்லை.

இரண்டு, எழுவாய். வாக்கியத்தைத் தொடங்குவது பெரும்பாலும் தலைமை. தலைமை உறுதி செய்கிறது, கண்காணிக்கிறது, ஊக்குவிக்கிறது. பையன் வரும்போது இந்தக் கவனிப்பின் விளைவாக வருகிறான். மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்கிறார்கள், நேரிலும் பேசுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் சொன்னது அவன் சொன்ன மாதிரியே அறிக்கைக்குள் வருவது அபூர்வம்.

மூன்று, ஆதாரம். "அரிது" என்று எப்படித் தெரியும்? இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்ததா, பையன்கள் சொன்னதா, பள்ளியின் பதிவேட்டில் குறைவாக எழுதப்பட்டிருந்ததா? மூன்றும் மூன்று விதமான சாட்சி. பதிவேட்டில் குறைவு என்றால் சம்பவம் குறைவு என்றும் இருக்கலாம், எழுதுகிறவர் குறைவு என்றும் இருக்கலாம். வாக்கியம் இந்த வித்தியாசத்தை மழுப்பிவிடுகிறது.

ரிசல்ட் பற்றிய பாராட்டை வேகமாகக் கடந்துவிடலாம். பதினொரு வயதிலோ பதின்மூன்று வயதிலோ நுழைவுத்தேர்வு வைத்து எடுக்கிற பள்ளியில் ஜிசிஎஸ்இ மதிப்பெண் உயர்ந்திருப்பது வடிகட்டிய டீயில் தூள் இல்லை என்பதைப் போல. நல்ல அறிக்கை, பையன் வந்தபோது எங்கே இருந்தான், போகும்போது எங்கே போனான் என்று ஒப்பிட்டுச் சொல்லும்.

தரவரிசைச் சொற்களுக்கும் ஒரு கதை உண்டு. சமீபகாலம் வரை ஐ.எஸ்.ஐ. நான்கு படிகள் வைத்திருந்தது. மிகச்சிறப்பு, நன்று, பரவாயில்லை, திருப்தியில்லை என்று தமிழில் சொல்லலாம். ஈவ்லின் வா 1928-ல் எழுதிய 'டிக்ளைன் அண்ட் ஃபால்' நாவலில் ஆசிரியர் வேலை வாங்கித் தரும் ஏஜென்சி ஒன்றும் பள்ளிகளை நான்காகத்தான் பிரித்து வைத்திருக்கும். கடைசி வகைக்கு அடைமொழியே கிடையாது, வெறும் பள்ளி. நாவலாசிரியர் கிண்டலுக்காகச் செய்ததை நிர்வாகம் பிறகு சீரியஸாகச் செய்தது. 2023 செப்டம்பரில் ஐ.எஸ்.ஐ. இந்தப் படிகளைக் கைவிட்டது. இப்போது தரநிலை நிறைவேறியதா என்ற முடிவும் விவரிப்பும்தான். தகுந்த இடத்தில் "குறிப்பிடத்தக்க பலம்" என்று ஒன்றிரண்டைச் சுட்டலாம். கடைசியில் "அடுத்துச் செய்ய வேண்டியவை" என்று ஒரு சிறு பட்டியல்.

அப்பா ஹெட்மாஸ்டர், மகன் இன்ஸ்பெக்டர்

பாராட்டு இவ்வளவு மென்மையாக இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

தாமஸ் ஆர்னல்ட் 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியின் ஹெட்மாஸ்டர். ஆங்கில ஆண்கள் பள்ளி என்றால் என்ன என்ற கற்பனையையே மாற்றியவர். அவருடைய மகன் மேத்யூ ஆர்னல்டைக் கவிஞராகவும் விமர்சகராகவும் நமக்குத் தெரியும். அவருக்குச் சோறு போட்ட வேலை ஸ்கூல் இன்ஸ்பெக்டர். 1851-லிருந்து 35 வருஷம் அந்த உத்தியோகம். அவர் சோதித்தது அப்பாவின் பள்ளி மாதிரியான இடங்களை இல்லை. ஏழைப் பிள்ளைகள் படித்த ஆரம்பப் பள்ளிகளை.

1862-ல் அங்கே ஒரு புது விதி வந்தது. பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கில் இன்ஸ்பெக்டர் முன்னால் தேறினால்தான் பள்ளிக்கு மானியம். தேறாவிட்டால் பணம் குறையும். மேத்யூ ஆர்னல்ட் இதைக் கடுமையாக எதிர்த்தார். கல்வி இயந்திரமாகிவிடும் என்பது அவர் கவலை.

அதே வருஷங்களில், 1861 முதல் 1864 வரை, பணக்காரப் பையன்களின் பள்ளிகளையும் ஒரு குழு ஆராய்ந்தது: கிளாரண்டன் கமிஷன். ஈட்டன், வின்செஸ்டர், ஹாரோ, ரக்பி உள்ளிட்ட ஒன்பது பள்ளிகள். (அங்கே "பப்ளிக் ஸ்கூல்" என்றால் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) குழுவின் அறிக்கையில் கண்டிப்பும் இருந்தது. பாடம் முழுக்க கிரேக்கமும் லத்தீனும்தான், அறிவியலுக்கு இடமே இல்லை, பையன்கள் பலர் சோம்பேறிகளாக வெளியே வருகிறார்கள் என்றெல்லாம் சொன்னது. ஆனால் குணத்தை வார்ப்பதில் இந்தப் பள்ளிகளுக்கு நிகர் இல்லை என்று மனம் நிறைந்து பாராட்டவும் செய்தது. சின்னப் பையன் பெரிய பையனுக்கு எடுபிடி வேலை செய்யும் "ஃபேகிங்" வழக்கத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, அளவோடு இருக்கட்டும் என்ற தோரணைதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழைப் பள்ளியில் இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து வரும் சொல்லுக்குக் காசு மதிப்பு உண்டு. பணக்காரப் பள்ளியில் விசாரிக்க வருபவர்கள் அந்த உலகத்திலிருந்தே வருகிறார்கள், எதைக் குணம் என்று சொல்வது என்பதில் முன்கூட்டியே உடன்பாடு இருக்கிறது. தனியார் பள்ளிகள் எல்லாம் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற 1944 சட்டத்தின் பகுதிகூட 1957-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய ஐ.எஸ்.ஐ. கிளாரண்டன் கமிஷன் இல்லை, சட்டம் ரொம்பவே இறுகியிருக்கிறது. ஆனால் ஒத்த தொழிலில் இருப்பவர் ஒத்த தொழிலில் இருப்பவரைப் பார்க்க வருகிறார் என்ற அமைப்பு தொடர்கிறது. அதில் ஒரு நன்மை இருக்கிறது. வகுப்பறையில் நடப்பது அவருக்குப் புரியும். ஒரு ஆபத்தும் இருக்கிறது. தன் பள்ளியிலும் இருக்கிற ஒன்று அவர் கண்ணுக்கு வித்தியாசமாகவே படாது.

ஈலிங்கில் நடந்தது

இப்போது அந்தக் குக்கர் கேள்வி.

மேற்கு லண்டன் ஈலிங்கில் செயின்ட் பெனடிக்ட்ஸ் என்று ஒரு கத்தோலிக்கப் பள்ளி. 1902-ல் பெனடிக்டைன் துறவிகள் தொடங்கியது. மேல்நிலை வகுப்பில் மட்டும் பெண்கள் இருந்தார்கள். 2008-ல்தான் முழுக்க இருபாலர் பள்ளியானது. அதுவரை ஆண்கள் பள்ளி என்றே சொல்லலாம்.

அதன் ஜூனியர் பள்ளிக்குத் தலைவராக இருந்த ஒரு துறவிமேல் முன்னாள் மாணவர் ஒருவர் வழக்குப் போட்டு 2006-ல் நஷ்ட ஈடு பெற்றார். அந்தத் துறவி அதற்குப் பிறகும் பள்ளியை ஒட்டிய மடத்திலேயே வசித்தார். சில கட்டுப்பாடுகள் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடுகளுக்கு நடுவிலேயே இன்னொரு பையன் பாதிக்கப்பட்டான். கடைசியில் பல பத்தாண்டுகளில் ஐந்து பையன்களிடம் செய்த குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டு 2009 அக்டோபரில் எட்டு வருஷ சிறைத்தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது ஐந்தானது.

அந்த ஆண்டின் கடைசியில் ஐ.எஸ்.ஐ. குழு வழக்கமான சோதனைக்குப் பள்ளிக்கு வந்தது. பத்திரிகைகளில் செய்தி வந்து மை காயவில்லை. வெளியான அறிக்கை நல்ல அறிக்கை. குழந்தைப் பாதுகாப்பு பற்றிப் பெற்றோர் கவலைப்படும்படியாக அதில் ஒன்றுமில்லை.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்கு ஒரு காரணம், பொது ஆவணங்களையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து படித்த ஒரு பெற்றோர். அவர் விடாமல் புகார் எழுதினார். 2010-ல் ஐ.எஸ்.ஐ. மறுபடி பள்ளிக்குப் போனது. அந்த ஆண்டே வந்த இரண்டாவது அறிக்கை பள்ளியின் பாதுகாப்பு ஏற்பாடுகளை விமர்சித்தது. அடுத்து லார்ட் கார்லைல் தலைமையில் விசாரணை. 2011 நவம்பரில் வந்த அவர் அறிக்கை, பள்ளி நிர்வாகத்தை மடத்தின் பிடியிலிருந்து பிரிக்க வேண்டும் என்றது. பிரித்தார்கள். இங்கிலாந்தின் தேசிய விசாரணைக் குழு 2019 அக்டோபரில் ஈலிங் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. இரண்டு துறவிகளும் இரண்டு ஆசிரியர்களும் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகள் இருபதுக்கும் மேல்.

இந்தக் கதையைச் சொல்லும்போது கோபத்தில் "இன்ஸ்பெக்டர்கள் தூங்கினார்கள்" என்று சொல்லிவிடத் தோன்றும். எனக்கு அது சுலபமான முடிவாகத் தெரிகிறது. தூங்குகிறவரை மாற்றிவிட்டு விழித்திருப்பவரை அனுப்பினால் போதும் என்று ஆகிவிடும். யோசித்துப் பாருங்கள்: அந்தக் கட்டிடத்தில் சில நாள் நடந்த ஒருவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? நல்ல வகுப்புகள். மரியாதையான பிள்ளைகள். எழுதி வைத்த கொள்கை. இவை எதுவும் பொய்யில்லை. பாராட்டிய விஷயங்கள் உண்மையாகவே இருந்திருக்கும். கெட்ட விஷயமும் அதே கட்டிடத்தில் உண்மையாக இருந்தது. நல்லது இருப்பதைக் கண்டால் கெட்டது இல்லை என்று ஆகாது. ஒரு நேர்மறை அறிக்கையின் எல்லா வாக்கியங்களும் சரியாக இருந்தும் அறிக்கை மொத்தமாகத் தவறாக இருக்க முடியும். ஈலிங்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

இன்னொன்று. முதல் அறிக்கையை மாற்ற வைத்தது இன்னொரு சோதனை முறை இல்லை, ஒரு வாசகர். பள்ளி சொன்னதையும் நீதிமன்றம் சொன்னதையும் அறிக்கை சொன்னதையும் பக்கத்தில் வைத்து, மூன்றும் ஏன் பொருந்தவில்லை என்று கேட்ட ஒரு ஆள். இதைத்தான் நான் விமர்சனம் என்கிறேன்.

வாசலுக்கு வெளியே இருக்கும் சாட்சி

ஆண்கள் பள்ளிக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் 2021-ல் வெளிப்பட்டது.

2020-ல் சோமா சாரா என்ற இளம்பெண் 'எவ்ரிஒன்ஸ் இன்வைட்டட்' என்ற தளத்தைத் தொடங்கினார். பாலியல் சீண்டலுக்கும் வன்முறைக்கும் ஆளானவர்கள் பெயர் சொல்லாமல் தங்கள் அனுபவத்தை எழுதலாம். 2021 மார்ச்சில் ஆயிரக்கணக்கான பதிவுகள் குவிந்தன. பல பெயர்பெற்ற தனியார் ஆண்கள் பள்ளிகள் அதில் அடிபட்டன. எழுதியவர்களில் ஏராளமானோர் பக்கத்துப் பள்ளிகளில் படித்த பெண்கள்.

ஐ.எஸ்.ஐ. கேள்வித்தாள் யாருக்குப் போகிறது? மாணவர்களுக்கு, பெற்றோருக்கு, பணியாளர்களுக்கு. ஆண்கள் பள்ளி என்றால் மாணவர்கள் எல்லோரும் பையன்கள். அந்தப் பையன்கள் சனிக்கிழமை இரவு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று நன்றாகச் சொல்லக்கூடிய சாட்சி வேறொரு பள்ளி யூனிஃபார்மில், வேறொரு வாசலுக்குள் இருக்கிறாள். அவளை யாரும் கேட்கப்போவதில்லை. "மாணவர்கள் மரியாதையோடு நடந்துகொள்கிறார்கள்" என்ற வாக்கியத்தில் அந்த மரியாதை யாரிடம் காட்டப்பட்டது? சக பையனிடம், ஆசிரியரிடம், கோட்டு போட்டு வந்த இன்ஸ்பெக்டரிடம். ஆண்கள் பள்ளியில் இந்தப் பாராட்டு எப்போதும் அரைகுறைதான். அது பள்ளியின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், சோதனையின் வடிவமே அப்படி.

அந்த ஜூன் மாதம் ஆஃப்ஸ்டெட் அவசர ஆய்வு ஒன்றை வெளியிட்டது. அரசு, தனியார் இரண்டும் சேர்த்து 32 பள்ளி, கல்லூரிகள். 900-க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் பேசினார்கள். பார்க்க விரும்பாத ஆபாசப் படங்கள் தங்களுக்கோ தங்கள் வயதினருக்கோ அடிக்கடி அல்லது சில சமயம் அனுப்பப்படுகின்றன என்று கிட்டத்தட்ட 90 சதவீதப் பெண்கள் சொன்னார்கள். பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேர். அதில் பள்ளிகளுக்குச் சொன்ன ஒரு அறிவுரையை நான் முக்கியமாக நினைக்கிறேன்: குறிப்பிட்ட புகார் எதுவும் வராவிட்டாலும், சீண்டல் நடக்கிறது என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள். புகார் இல்லை என்பது நல்ல செய்தி இல்லை என்று ஒரு சோதனை அமைப்பே எழுத்தில் ஒப்புக்கொண்ட தருணம் இது.

அப்போ பாராட்டே கூடாதா?

இல்லை. இதன் மறுபக்கமும் இருக்கிறது. 2023 ஜனவரியில் ரெடிங் நகரில் ரூத் பெர்ரி என்ற தலைமையாசிரியை உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய அரசு ஆரம்பப் பள்ளியை ஆஃப்ஸ்டெட் மிகக் கீழான படியில் வைத்திருந்தது. சோதனையும் அவர் மரணத்துக்குப் பங்களித்தது என்று அந்த டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். ஒரு பள்ளியை ஒரே சொல்லில் அளக்கும் கொடுமை எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச்சொல் தீர்ப்பு எடுக்கப்பட்டது. ஆகவே "இன்னும் கடுமையாக எழுதுங்கள்" என்று நான் கேட்கவில்லை. கடுமையான சொல்லும் மென்மையான சொல்லைப் போலவே சோம்பேறித்தனமாக இருக்க முடியும்.

நேர்மறை அறிக்கை உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு, அவை அற்பமில்லை. பணியாளர் ஒவ்வொருவரையும் குற்றப் பின்னணி சோதித்த பதிவேடு ஒழுங்காக இருக்கிறது. தீயணைப்பு ஏற்பாடு இருக்கிறது. போர்டிங் பையன்கள் பள்ளிக்கு வெளியே உள்ள ஒரு நபரிடம் பேச வழி இருக்கிறது. புகார் வந்தால் எழுத்தில் பதில் போகிறது. இவை இல்லாத பள்ளிகளில் என்ன ஆனது என்று வரலாறு சொல்கிறது. சொல்லப்போனால், அறிக்கையின் மிகவும் சலிப்பான பகுதிதான் மிகவும் நம்பகமான பகுதி. பெயரடை கூடக் கூட ஆதாரம் குறைகிறது.

சரி, எப்படி வாசிப்பது?

நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

முதலில் கடைசிப் பட்டியலைப் படியுங்கள். "அடுத்துச் செய்ய வேண்டியவை" எவ்வளவு மிருதுவாக எழுதப்பட்டிருந்தாலும் இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்ட குறை அங்கேதான் இருக்கும். "கண்காணிப்பை மேலும் சீராக்கலாம்" என்றால் இப்போது சீராக இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, ஒரே அறிக்கையைப் படிக்காதீர்கள். பழைய இரண்டு அறிக்கைகளையும் எடுங்கள். நடுவில் கூடுதல் சோதனை ஏதாவது நடந்திருக்கிறதா, எதனால் நடந்தது என்று பாருங்கள். ஒருமுறை தவறிய பள்ளி திருந்தியிருந்தால் அது என்னைப் பொறுத்தவரை என்றுமே தவறாத பள்ளியைவிட நம்பிக்கை தரும். தவறு வெளியே வர ஒரு வழி அங்கே இருந்திருக்கிறது, இல்லையா?

மூன்றாவது, ஒவ்வொரு பாராட்டு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் "யார் சொன்னது?" என்று எழுதிப் பாருங்கள். தலைமை சொன்னதா, காகிதம் சொன்னதா, பையன் சொன்னதா. பையன் பக்கம் காலியாக இருந்தால் அந்தக் கேள்வியோடு பள்ளிக்குப் போங்கள்.

நான்காவது, பள்ளியைச் சுற்றிக்காட்டும்போது ஹெட்மாஸ்டரிடம் "உங்க பள்ளியில் கேலி, மிரட்டல் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "போன வருஷம் ஒரு பையன் வந்து ஏதாவது சொன்னானா, அதுக்கப்புறம் நீங்க எதை மாத்தினீங்க?" என்று கேளுங்கள். "அப்படி எதுவுமே வரலைங்க" என்று பெருமையாகப் பதில் வந்தால் அந்தப் பெருமையைத்தான் கவனிக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கான பையன்கள் சேர்ந்து வாழும் இடத்தில் ஒரு வருஷம் முழுக்க யாருக்கும் சொல்ல ஒன்றுமே இருக்காது என்று நம்ப நான் தயாராக இல்லை. சொல்ல இருந்தது, கேட்டோம், இதைச் செய்தோம் என்று எழுதும் அறிக்கையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருந்தால் எழுதுங்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.